பனியன் ஊரின் மூப்பு: ஆய்வுப் பணம் எங்கே, கேள்வி எங்கே?

திருப்பூர் கம்பெனி வாசல்களில் தொங்கும் 'ஆட்கள் தேவை' போர்டில் ஓவர்லாக், ஃபிளாட்லாக், செக்கிங், அயர்ன், பேக்கிங், கைமடி என்று வேலைகள் வரிசையாக இருக்கும். பல போர்டுகளில் வயது இருக்காது. எழுத வேண்டிய தேவையும் இல்லை. பீஸ் ரேட்டில் ஓடும் மெஷினுக்கு முன்னால் கையின் வேகம்தான் வயது. வேகம் குறைந்தவர் தையலிலிருந்து செக்கிங் மேஜைக்கு வருவார். அங்கிருந்து பிசிறு வெட்டுவதற்கு, பிறகு வேஸ்ட் குடோனில் துணி பிரிப்பதற்கு. ஆணாக இருந்தால் வாட்ச்மேன் வேலைக்கு. கடைசியில் பஸ் ஏறி ஊருக்கு. இந்த இறக்கம் எத்தனை வயதில் தொடங்குகிறது, ஒவ்வொரு படியிலும் கூலி எவ்வளவு குறைகிறது, உடம்பில் முதலில் விட்டுப்போவது கண்ணா, இடுப்பா, முழங்காலா என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். வெளிநாட்டு பையர்களுக்காக நடக்கும் தணிக்கையில் வயதைப் பார்ப்பது உண்டு. அதுவும் கீழ்ப்பக்கத்திலிருந்துதான், பதினெட்டு நிறைந்ததா என்று. மேல்பக்கத்தில் என்ன நடக்கிறது என்பது அந்தப் படிவத்துக்குத் தேவைப்படாத விஷயம்.

முதுமை பற்றிய ஆய்வுக்கும் பயிற்சிக்கும் நம் பல்கலைக்கழகங்களுக்குப் பணமே கிடைப்பதில்லை என்று பேராசிரியர்கள் சலித்துக்கொள்வதுண்டு. பாதிதான் உண்மை. பணம் இருக்கிறது. அது ஒன்று நோயைத் தேடி வருகிறது, இல்லையென்றால் அறுபது வயதைத் தேடி வருகிறது. வேலை செய்துகொண்டே மூப்படைகிற மனிதர் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். 2024-25இல் சுமார் 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்த ஊரில் அப்படிப்பட்டவர்கள்தான் அதிகம். அவர்களைப் பற்றிய கேள்வியை எந்தக் கதவில் கொண்டுபோய்த் தட்டுவது என்பதே இங்கே பார்க்க வேண்டியது.

தமிழ்நாடு முதுமையடைகிறது என்பதை நிறுவ அதிக வரிகள் வேண்டாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநிலத்தில் அறுபதைத் தாண்டியவர்கள் 10.4 சதவீதம். மத்திய அரசின் மக்கள்தொகை முன்கணிப்பின்படி அது 2021இல் 13.6, 2031இல் 18.2. நமக்கு முன்னால் நிற்பது கேரளம் மட்டும். அங்கே 2025இல் சட்டசபையில் சட்டம் இயற்றி முதியோருக்கென்றே மாநில ஆணையம் அமைத்துவிட்டார்கள். திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தில் எஸ். இருதயராஜன் போன்றவர்கள் பல ஆண்டுகளாக வீடு வீடாகத் திரட்டிய மூப்புத் தரவுகள் இப்படிப்பட்ட முடிவுகளுக்கு முன்பே ஒரு தளம் போட்டிருந்தன. ஆய்வு முன்னால், சட்டம் பின்னால் என்ற வரிசை அங்கே ஓரளவு வாய்த்தது.

இந்தியாவின் மிகப் பெரிய மூப்பு ஆய்வு, சுருக்கமாக 'லாசி' என்று அழைக்கப்படும் நெடுங்கால ஆய்வு. 2017-18இல் முதல் சுற்று. 45 வயதும் அதற்கு மேலும் உள்ள 72,000க்கும் அதிகமானவர்கள். மும்பையின் பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம், ஹார்வர்டின் பொதுச் சுகாதாரப் பள்ளி, தெற்கு கலிபோர்னியப் பல்கலைக்கழகம் மூன்றும் சேர்ந்து நடத்தின. பணம் கொடுத்தவர்கள் மத்திய சுகாதார அமைச்சகம், ஐ.நா. மக்கள்தொகை நிதியம், அமெரிக்காவின் தேசிய முதுமை நிறுவனம். இதய நோய், சர்க்கரை, பார்வை, நினைவாற்றல், வருமானம், பிள்ளைகளோடு உறவு என்று அது தொடாத பக்கம் குறைவு. தமிழ்நாட்டு மூப்பைப் பற்றி எழுதும் எவரும் அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் அதன் மாதிரி மாநில அளவில் பேசுவதற்காக வடிவமைக்கப்பட்டது. திருப்பூர் என்று தனியாகப் பிரித்துப் பார்த்தால் கணக்கு நிற்காது. இரண்டாவது சிக்கல் அந்த 45. பனியன் கம்பெனியில் நாற்பதிலேயே மெஷினைவிட்டு இறங்கியவர், லாசியின் வாசலுக்கு வரும்போது ஏற்கெனவே இறங்கி முடித்தவர். அவர் இறங்கிய அந்த ஐந்தாண்டுகளை அவருடைய நினைவிலிருந்துதான் கேட்டு வாங்க வேண்டும்.

அந்த அமெரிக்கப் பணத்தின் கதை சற்று நின்று பார்க்கத் தக்கது. தேசிய முதுமை நிறுவனம் 1974இல் சட்டத்தால் உருவானது. ஆண்டுக்கு 400 கோடி டாலருக்கு மேல் அதன் வழியே போகிறது. பெரும்பங்கு அல்சைமர் ஆய்வுக்கு. அது ஆய்வுத் திட்டங்களுக்கு மட்டும் கொடுப்பதில்லை. பல்கலைக்கழகத் துறைகளுக்கு 'இத்தனை மாணவர்களை இந்தத் துறையில் வளர்த்தெடுங்கள்' என்று பயிற்சிக்காகவே தனி நிதி தருகிறது. இளம் ஆய்வாளர் சொந்தக் காலில் நிற்கும்வரை சம்பளம் தருகிறது. நம்மிடம் இல்லாதது, மாணவரை ஆய்வாளராக வளர்த்தெடுக்கும் இந்த நடுப்பகுதிதான். லாசியில் பங்கேற்ற தெற்கு கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் முதுமையியல் மையம் வந்த விதம் இன்னும் சுவாரசியம். எத்தல் பெர்சி ஆண்ட்ரஸ் என்ற பள்ளித் தலைமையாசிரியை ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்காக 1947இல் ஒரு சங்கம் தொடங்கினார். அந்தச் சங்கத்திலிருந்தும், அதிலிருந்து வளர்ந்த ஓய்வூதியர் அமைப்பிலிருந்தும் உறுப்பினர்கள் போட்ட சிறுசிறு தொகை அவர் பெயரிலேயே அந்த மையம் எழ உதவியது. 1975இல் அங்கே முதுமையியலுக்கென்றே தனிப் பள்ளி பிறந்தது.

வெளிநாட்டுப் பணத்தை நம்பி நீண்டகால ஆய்வு நடத்துவதில் உள்ள ஆபத்தை 2025 காட்டிவிட்டது. அந்த மே மாதம் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள், அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் வழியே வெளிநாட்டுக் கூட்டாளிகளுக்குப் போகும் துணை நிதியைப் புதிதாக வழங்குவதை நிறுத்திவைத்தன. ஆகஸ்டில் இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி வந்து திருப்பூர் ஆர்டர்கள் ஆட்டம் கண்டன. பனியனும் ஆய்வும் ஒரே அரசின் முடிவுகளால் ஒரே ஆண்டில் தடுமாறியதைத் தற்செயல் என்று சொல்லலாம். ஆனால் வரிக்கு மாற்றுச் சந்தை தேடிய சுறுசுறுப்பில் பத்தில் ஒரு பங்கு, மாற்று ஆய்வு நிதி தேடுவதில் தென்படவில்லை.

உள்நாட்டுக் கதவுகள் இவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நோய் சார்ந்த திட்டங்களுக்குக் கொடுக்கிறது. இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம் சிறு திட்டம், பெரும் திட்டம் என்று கொடுக்கிறது. அண்மையில் நெடுங்கால ஆய்வுகளுக்கும் அழைப்பு விடுத்தது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையில் மாற்றுத்திறனாளிகளுக்கும் முதியோருக்குமான தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு திட்டம் உண்டு. தையல் இருக்கையை, செக்கிங் மேஜையின் உயரத்தை, விளக்கை மாற்றி வடிவமைக்க நினைக்கும் பொறியியல் கல்லூரிக்கு அது பொருத்தமான இடம். 2023இல் சட்டமாகி, பழைய அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியத்தை உள்ளிழுத்துக்கொண்ட அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்தாண்டில் 50,000 கோடி என்று அறிவித்தார்கள். அதில் பெரும்பகுதி தனியாரிடமிருந்து வர வேண்டும் என்பது திட்டம். மாநில அளவில் அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் செயல்திட்டங்களுக்குச் சில ஆயிரம் ரூபாய் கொடுக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். மூன்று ஆண்டு ஒரு மாணவியை முழுநேரமும் களத்தில் வைத்திருக்க அது போதும்.

பட்டியல் நீளம்தான். ஆனால் இவற்றைத் திருப்பூரில் யார் கேட்பது? சிக்கண்ணா அரசுக் கலைக் கல்லூரி, எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கலைக் கல்லூரி இரண்டும் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. பனியன் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் இடங்கள். தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் வகுப்புகளில் பெரும்பங்கைத் தாங்கிக்கொண்டிருப்பவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். பெரும்பாலான ஆய்வு நிதித் திட்டங்களுக்கு முதன்மை ஆய்வாளர் நிரந்தரப் பணியில் இருக்க வேண்டும். ஆக, களம் தெரிந்த ஆளுக்கு விண்ணப்பிக்கத் தகுதி இல்லை; தகுதி உள்ளவருக்கு நிர்வாக வேலையே கழுத்துவரை. மனிதர்களை வைத்துச் செய்யும் மருத்துவ ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கட்டாயம். கலைக் கல்லூரிகளில் அப்படியொரு குழு இருப்பதே அபூர்வம். நிதி குறைவு என்று பேசும்போது இந்தச் சின்னச் சின்னக் கதவுத் தாழ்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு இவைதான் முதல் தடை என்று படுகிறது.

மருத்துவப் பயிற்சிப் பக்கம் தமிழ்நாடு பெருமைப்படலாம். டாக்டர் வி.எஸ். நடராஜன் 1978இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்கான புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்கு முதுநிலைப் படிப்பு வந்தது, நாட்டிலேயே முதல். 2012இல் அவருக்குப் பத்மஸ்ரீ. 2024 பிப்ரவரியில் கிண்டியில் தேசிய முதியோர் நல மையம் திறக்கப்பட்டது, 200 படுக்கைகள். எல்லாம் சென்னையில். திருப்பூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்ததே 2022 ஜனவரியில்தான். இந்த இளம் கல்லூரிக்குப் பெரிய ஆய்வுப் பாரம்பரியம் இன்னும் இல்லை. ஆனால் மற்ற எவரிடமும் இல்லாத நோயாளிகள் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துப் பதிந்துவருகிறது. அந்தப் பதிவுகளில் 'என்ன வேலை, எத்தனை ஆண்டு' என்ற ஒரு கேள்வியைச் சேர்த்தால் புதிய நிதி ஏதுமில்லாமல் பாதி ஆய்வு முடிந்துவிடும்.

சரியான கேள்விக்குச் சிறிய பணம் என்ன செய்யும் என்பதற்கு அஸ்ஸாம் ஒரு நல்ல உதாரணம். அங்கே தேயிலை பறிக்கும் நாற்பது வயதைத் தாண்டிய 751 தொழிலாளர்களை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு உடனே வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்தார்கள். மற்றப் பிரிவுக்கு ஆய்வு முடிந்த பிறகு. கண்ணாடி போட்டவர்கள் பறித்த இலை, போடாதவர்களைவிட 21.7 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. 2018இல் லான்செட் குழுமத்தின் உலக சுகாதார இதழில் வெளியானது. இதற்கு நிதி கொடுத்தது பல்கலைக்கழகமோ அரசோ அல்ல. கண்ணாடியை எல்லோருக்கும் கொண்டுசேர்க்க முனைந்த ஒரு தனியார் முயற்சி.

இப்போது செக்கிங் மேஜையை நினைத்துப் பாருங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் ஒரு டீ-ஷர்ட்டை விரித்து, திருப்பி, தோள் தையல், கழுத்துப் பட்டி, கை மடிப்பு, கீழ் மடிப்பு என்று விரலும் கண்ணும் சேர்ந்து ஓட வேண்டும். ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல், சாயத்தில் ஒரு நூலிழை வேறுபாடு. கண்ணில் பட்டதும் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்க வேண்டும். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் என்றால் இருபது வயதுக் கண்ணுக்கே சிரமம். தையலில் வேகம் குறைந்தவர்களை நாம் கொண்டுபோய் உட்காரவைப்பது, வயதோடு பழுதாகும் உறுப்பை அதிகம் கேட்கும் வேலையில். நாற்பதுக்குப் பிறகு கிட்டத்தில் பார்வை மங்குவது எல்லோருக்கும் வருவது. கண்ணாடியின் விலையோ அரை ஷிப்ட் கூலியோ ஒரு ஷிப்ட் கூலியோதான். ஆனால் கண்ணாடி போட்டுக்கொண்டு வேலை கேட்டுப் போனால் 'கண் போச்சு' என்று கணக்குப் போடுவார்கள் என்ற பயத்தில் கண்ணைச் சுருக்கியே காலம் தள்ளுகிறவர்கள் உண்டு. திருப்பூரிலேயே அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கிளை இருக்கிறது. பீஸ் கணக்கு ஒவ்வொரு கம்பெனியிலும் நாள்தோறும் எழுதப்படுகிறது. அதாவது ஆய்வின் அளவுகோல் ஏற்கெனவே கணக்கு நோட்டில் இருக்கிறது. அஸ்ஸாமில் செய்ததை இங்கே செய்ய ஒரு பேராசிரியரும் சில பயிற்சி மாணவர்களும் இணங்கும் சில முதலாளிகளும் போதும். சமூக அறிவியல் கழகத்தின் சிறு திட்டமே தாங்கும்.

இந்த வட்டாரம் ஆய்வாளர்களுக்குப் புதிதல்ல. ஆக்ஸ்ஃபோர்டின் ஜூடித் ஹேயர் 1981-82இல் கோவை, திருப்பூர்ப் பக்கத்துக் கிராமங்களில் தொடங்கி, 1996, 2003-04, 2008-09 என்று திரும்பத் திரும்ப அதே கிராமங்களுக்கு வந்தார். சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் கிரேஸ் கார்ஸ்வெல்லும் ஹீர்ட் டி நெவேயும் பிரிட்டிஷ் பொதுநிதியில் பனியன் தொழிலால் சுற்றுக் கிராமங்கள் எப்படி மாறின என்று பார்த்தார்கள். சென்னைக் குடிசைப் பகுதிகளில் பென்னி வேரா-சான்சோ, பிரிட்டனின் 'மூப்பின் புதிய இயக்கங்கள்' என்ற நிதித் திட்டத்தில், வயதானவர்களின் உழைப்பைப் பின்தொடர்ந்தார். பூ கட்டும், காய்கறி விற்கும், பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு மகளைக் கம்பெனிக்கு அனுப்பும் கிழவிகளின் உழைப்பில் நகரப் பொருளாதாரம் எவ்வளவு நிற்கிறது என்பதை அந்த ஆய்வு எடுத்துக்காட்டியது. முதியோர் என்றால் சுமை என்ற எண்ணத்தை அது தலைகீழாக்கியது. இதுபோன்ற ஒன்று திருப்பூர் லைன் வீடுகளில் நடக்க வேண்டும். பாட்டி ஊரிலிருந்து வந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டால் தாய்க்கு ஒன்றரை ஷிப்ட். வரவில்லை என்றால் ஒரு ஷிப்ட், சில நாள் அதுவும் இல்லை. அந்த அரை ஷிப்ட் யாருடைய உழைப்பு?

இளம் பெண்களைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்கு இந்தப் பகுதியில் வேறு யாரைப் பற்றியும் எழுதப்படவில்லை. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் நூற்பாலை விடுதிகளில் இருந்த பெண்களைப் பற்றி நெதர்லாந்து அமைப்புகள் 2011லும் 2014லும் அறிக்கைகள் வெளியிட்டன; உலகப் பத்திரிகைகள் எழுதின; பிராண்டுகள் பதில் சொல்ல வேண்டி வந்தது. நல்லதுதான். 2008இல் பதினெட்டாக இருந்த பெண்ணுக்கு இப்போது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. பதின்ம வயதில் இரவு ஷிப்ட் பார்த்த உடம்பு நாற்பதில் எப்படி இருக்கிறது என்று திரும்பிப் பார்க்க அந்த அமைப்புகளுக்கு நிதி இல்லை. நிதி உள்ளவர்களுக்கு இந்தக் கேள்வி தோன்றவில்லை. அந்தப் பெண்கள் இப்போது இருப்பதும் திருப்பூரில் மட்டும் அல்ல. தேனி, திண்டுக்கல், ராமநாதபுரம் கிராமங்களில் இருக்கிறார்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்த இளைஞர்களும் முதுமைக்கு இங்கே தங்கப்போவதில்லை. இளமையை வாங்கிக்கொண்டு முதுமையைத் திருப்பி அனுப்பும் ஊரில், ஊருக்குள் மட்டும் கணக்கெடுத்தால் திருப்பூர் என்றும் இளமையான ஊராகவே தெரியும்.

பணத்துக்கு வருவோம். சொந்த ஊர்ப் பணம் என்றதும் எல்லோரும் சொல்வது நிறுவனச் சமூகப் பொறுப்பு நிதி. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, 500 கோடி நிகர மதிப்போ 1,000 கோடி விற்றுமுதலோ 5 கோடி நிகர லாபமோ உள்ள கம்பெனிகள் லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும் என்கிறது. முதியோர் இல்லம், பகல் பராமரிப்பு மையம், அரசுப் பல்கலைக்கழக ஆய்வு எல்லாம் அதில் அடங்கும். ஆனால் திருப்பூரில் 'கம்பெனி' என்று நாம் சொல்வதில் பெரும்பாலானவை சட்டத்தின் கண்ணில் கம்பெனியே அல்ல. பங்குதாரர் கூட்டும் தனியுடைமையும். அவர்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அதனால் கொடுக்க மாட்டார்கள் என்று அர்த்தமில்லை. 2015 முதல் 'வனத்துக்குள் திருப்பூர்' லட்சக்கணக்கான மரக்கன்றுகளை நட்டது இந்த ஊர்ப் பணத்தில்தான். மரம் கண்ணுக்குத் தெரியும், போட்டோ எடுக்கலாம். ஆய்வுக்கு அந்தக் கவர்ச்சி கிடையாது. பெங்களூரில் இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான கிரிஸ் கோபாலகிருஷ்ணன் குடும்பத்தின் அறக்கட்டளை 225 கோடி கொடுத்து இந்திய அறிவியல் கழகத்தில் மூளை ஆய்வு மையம் உருவாகக் காரணமாக இருந்தது. அந்த மையம் கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுர கிராமங்களில் பத்தாயிரம் பேரை ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் நோக்கில் மூப்பு ஆய்வு நடத்துகிறது. மென்பொருள் பணத்துக்குக் கோலார் விவசாயியின் நினைவாற்றல் முக்கியமாகப் பட்டிருக்கிறது. பனியன் பணத்துக்குப் பனியன் தொழிலாளியின் முழங்கால் முக்கியமாகப் பட ஏன் கூடாது?

இதைவிட நெருக்கமான பணம் ஒன்று உண்டு. 2015 நிதிச் சட்டத்தால் மத்திய அரசு மூத்த குடிமக்கள் நல நிதி என்ற ஒன்றை உருவாக்கியது. அஞ்சல் சேமிப்பு, பிஎஃப் போன்றவற்றில் பல ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடக்கும் தொகைகள் அதில் போய்ச் சேரும். ஊன்றுகோல், காதுக் கருவி, சக்கர நாற்காலி வழங்கும் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டம் இந்த நிதியில் நடப்பது. மாநிலத்தில் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழிலாளர் நல நிதி இருக்கிறது. அதில் தொழிலாளி, முதலாளி, அரசு மூவர் பங்கோடு, தொழிலாளி வாங்காமல் விட்டுப்போன கூலியும் சேர்கிறது. ஆறு மாதம் ஒரு கம்பெனி, எட்டு மாதம் இன்னொரு கம்பெனி என்று மாறியவர்கள், பழைய பிஎஃப் எண்ணைத் தொலைத்தவர்கள், தீபாவளிக்கு ஊருக்குப் போய்த் திரும்பாதவர்கள் எல்லோருடைய மறந்துபோன காசும் இந்த இரண்டு உண்டியல்களுக்கும் போகக்கூடியது. பிஎஃப் பென்ஷனுக்குப் பத்தாண்டு சேவை வேண்டும். கிடைத்தால் 58 வயதில் குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய். மாநில முதியோர் ஓய்வூதியம் 2023 முதல் 1,200. பத்தாண்டு சேராமல் விட்டவர்களின் வாழ்க்கையை ஆராய, அவர்கள் விட்டுப்போன பணத்தில் ஒரு பங்கைக் கேட்பதைவிட நியாயமான கோரிக்கை இருக்க முடியாது. பல்கலைக்கழகங்கள் இதுவரை டெல்லியின் ஆராய்ச்சிக் கழகங்களை நோக்கியே விண்ணப்பம் எழுதிப் பழகியிருக்கின்றன. தொழிலாளர் துறையை நோக்கி எழுதுவது அவற்றுக்குப் பழக்கமில்லாத திசை.

பெரிய நிதி வந்த பிறகுதான் தொடங்க வேண்டும் என்பதும் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தன் மாணவர்களைச் சொந்தக் கிராமங்களுக்கே அனுப்பி விவரம் எடுக்கச் சொன்னார். இருவேல்பட்டு, பாலக்குறிச்சி, தூசி, கங்கைகொண்டான், வடமலைபுரம் என்று அந்த ஊர்கள் பின்னாளில் 1930களில், 1960களில், 1980களில் மீண்டும் மீண்டும் ஆராயப்பட்டன. தென்னிந்தியக் கிராமப் பொருளாதாரத்தைப் பற்றி இத்தனை நீண்ட தொடர்ச்சி வேறெங்கும் எளிதில் கிடைக்காது. மாணவர்களின் விடுமுறைப் பயிற்சியாகத் தொடங்கியது அது. சிக்கண்ணா, எல்.ஆர்.ஜி. மாணவர்கள் தங்கள் தெருவிலேயே முப்பத்தைந்து வயதைத் தாண்டிய நூறு நூறு பேரைப் பதிந்து, ஊர் திரும்புகிறவர்களின் போன் எண்ணையும் சொந்த ஊர் முகவரியையும் வாங்கி வைத்தால், ஐந்து ஆண்டு கழித்து யாரும் மறுக்க முடியாத ஒரு விண்ணப்பத்துக்கு அதுவே அடிப்படை. சமூகப் பணி, புள்ளியியல், செவிலியர் படிப்பு மாணவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சிக்களமும் இல்லை.

மாநில அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் முதியோருக்கான 'அன்புச்சோலை' பகல் மையங்கள் 25ஐ 10 கோடி ரூபாயில் அறிவித்தது. அப்படிப்பட்ட மையம் ஒன்று பனியன் தெருக்களுக்கு நடுவே நடக்கும்போது அங்கே வருகிறவர்களின் வேலை வரலாற்றைப் பதிய ஒரு மாணவர் உட்கார்ந்திருப்பதற்குத் தனி நிதி தேவைப்படாது. அனுமதிக் கடிதம் தேவைப்படும். 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்து வட்டார விவரங்கள் வெளிவரும்போது மாதிரி எடுப்பதற்கு அவற்றைவிடச் சிறந்த சட்டகம் கிடையாது. அதைப் பயன்படுத்தும் நிலையில் இருக்க வேண்டுமானால் பாரதியார் பல்கலைக்கழகமும் திருப்பூர் மருத்துவக் கல்லூரியும் கூட்டாக ஒரு நெறிமுறைக் குழுவை, கலைக் கல்லூரிகளும் பயன்படுத்தும்படி, இந்தக் கல்வியாண்டிலேயே அமைக்க வேண்டும். கௌரவ விரிவுரையாளர் துணை ஆய்வாளராகவாவது பெயர் போட வழிசெய்யும் ஓர் அரசாணையும் அதோடு வர வேண்டும்.